பெரியப்பா பாடுவது ஒன்று, ஹெட்போனில் கேட்பது இரண்டு: ரெக்கார்டிங்கில் தாமதம், கொரகொரப்பு, ஹம்

பாம்பன்காரன் | மே 19, இரவு 11:10

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படிக்க மட்டும் செய்தவன், முதல் தடவையாக எழுதுகிறேன்.

என் பெரியப்பா கரைவலை இழுத்த காலத்தில் அம்பா (வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு) பாடியவர். வயது 74. பின்பாட்டுக்கு அண்ணன்மார் மூன்று பேர். மூவரும் விசைப்படகுக்குப் போகிறவர்கள், தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். ஜூன் 14 முடிந்துவிட்டால் ஒருத்தரையும் கரையில் பிடிக்க முடியாது. அதற்குள் ஆறு பாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். பத்து நாளில் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

என்னிடம் இருப்பது: விண்டோஸ் லேப்டாப் (8 ஜி.பி. ரேம்), செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு இன்புட் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி), ஒரு டைனமிக் மைக், ஒரு வயர் ஹெட்போன். சாஃப்ட்வேர் ரீப்பர். முதலில் பெரியப்பாவைத் தனியாகப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அண்ணன்மார் பின்பாட்டைப் பாடுகிறார்கள்.

பிரச்சினைகள்: பாடும்போது பெரியப்பாவுக்குத் தன் குரல் இரண்டு தடவை கேட்கிறது. "கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்குடா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். பின்பாட்டு, பாடும்போது சரியாக இருக்கிறது, போட்டுக் கேட்டால் ஒரு அடி பிந்தி விழுகிறது. நடுநடுவே கொரகொர, படக் என்று சத்தம். அதற்கு பஃபரை ஏற்றச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன், 2048 வரை ஏற்றிவிட்டேன். கொரகொரப்பு குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது. இதெல்லாம் போதாது என்று அடியில் ஓயாமல் ஒரு "ம்ம்ம்".

இன்டர்ஃபேஸை மாற்றுவதா, லேப்டாப்பை மாற்றுவதா?

தொண்டி_பெங்குவின் | மே 19, இரவு 11:24

விண்டோஸை மாற்றுங்கள். லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகும்.

உப்புக்காற்று | மே 20, காலை 6:50

பெங்குவின் தம்பி, நீ போன வாரம் பிரின்டர் ஓடவில்லை என்று வந்தவனுக்கும் இதைத்தான் சொன்னாய்.

பாம்பன் தம்பி, ஒன்றையும் மாற்றாதீர்கள், காசு இருந்தாலும். உச்சிப்புளி பக்கம் இருபது வருஷமாக சவுண்ட் சர்வீஸ் ஓட்டுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது ஒரு வியாதி இல்லை, நான்கு. நாலையும் ஒரே பாட்டிலில் ஊற்றி ஒரே மருந்து கேட்கிறீர்கள். அதுவும் ஒன்றுக்குச் செய்த வைத்தியம்தான் இன்னொன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

பஃபர் என்பது என்ன என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக (ஒரு சொட்டு ஒரு சாம்பிள்) வாங்குவதில்லை, வாளி வாளியாக வாங்குகிறது. வாளி நிறையும் வரை காத்திருக்கும், அதுதான் தாமதம். 2048 சாம்பிள் வாளி, நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் நிறைய 46 மில்லி செகண்ட் ஆகும். உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி. ஆக 93 மில்லி செகண்ட். கன்வெர்ட்டரும் யூ.எஸ்.பி.யும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

93 மில்லி செகண்ட் என்றால் சின்னதாகத் தெரியும். நம்ம ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகிறது. அந்த 93-ஐ மீட்டராக மாற்றினால் 32. உங்கள் பெரியப்பா 32 மீட்டர் தள்ளி நின்று பாடுகிற தன் குரலையே கேட்டுக்கொண்டு பாடுகிறார். யாரால் முடியும்?

128-க்கு இறக்கினால் ஒரு வாளிக்கு 3 மில்லி செகண்ட்கூட இல்லை. ஆனால் இறக்குவதற்கு முன்னால் கொரகொரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். எனக்கு இரண்டு பதில் வேண்டும். ஒன்று, பதிந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் படக் அதே இடத்தில் வருகிறதா, ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகிறதா? இரண்டு, ரீப்பரில் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் எந்த டிரைவர் போட்டிருக்கிறீர்கள்?

ராம்நாடு_வயலின் | மே 20, காலை 9:15

இரட்டைக் குரலுக்கு மட்டும் நான் சொல்கிறேன், எனக்கு நடந்ததுதான். இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அது மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றவிடாமல் நேராக ஹெட்போனுக்கும் அனுப்பும், தாமதம் இல்லாமல். ரீப்பரில் டிராக்கின் மேல் ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன் இருக்கும், அது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிற ஒலி, தாமதத்தோடு. இரண்டும் ஆன் ஆகியிருந்தால் ஒரு குரல் இப்போது, ஒரு குரல் அப்புறம். ஸ்பீக்கர் பட்டனை அணைத்துவிட்டு டைரக்ட் மானிட்டரை மட்டும் வையுங்கள்.

வயலினுக்கு இன்னும் மோசம். தாடையில் அதிர்வு நேராகத் தெரியும், காதில் அது பிந்தி வரும். இரண்டு நாள் சுருதியே தப்பாகப் பிடித்தேன்.

ஒரு கேள்வி. நாலு பேரையும் ஒன்றாக நிறுத்திப் பாடவிட்டால் என்ன?

பாம்பன்காரன் | மே 20, மாலை 7:30

அக்கா, கும்பிடுகிறேன். இரண்டும் ஆன் ஆகித்தான் இருந்தது. ஸ்பீக்கர் பட்டனை அணைத்ததும் பெரியப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு முழுப் பாட்டும் பாடிவிட்டார். ஆனால் "குரல் வறட்சியா இருக்கு" என்கிறார். முன்பு கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி) போட்டுக் கொடுத்திருந்தேன், டைரக்டில் அது வரவில்லை.

ஒன்றாகப் பாட வைத்துப் பார்த்தோம் அக்கா. அண்ணன்மார் குரல் இன்ஜின் மாதிரி. பெரியப்பாவுக்கு இப்போது அந்த மூச்சு இல்லை, ஒரே மைக்கில் அவர் முங்கிப் போகிறார்.

உப்புக்காற்று அண்ணே, படக் சத்தம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வருகிறது. அலையில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு. டிரைவர், எல்லாக் கார்டுக்கும் ஓடும் என்று ஒரு பொதுவான ஏசியோ டிரைவரைப் போட்டிருக்கிறேன். இன்டர்ஃபேஸோடு டிரைவர் சிடி வரவில்லை.

ராம்நாடு_வயலின் | மே 20, இரவு 8:05

ரிவெர்ப் கொடுக்க வழி இருக்கிறது. ரிவெர்பைத் தனி டிராக்கில் வைத்து, மூலக் குரல் துளியும் இல்லாமல் ரிவெர்ப் மட்டும் வெளியே வரும்படி செய்யுங்கள் (டிரை முழுக்கக் கீழே). பெரியப்பாவின் டிராக்கிலிருந்து அதற்கு ஒரு செண்ட் (ஒலியின் ஒரு கிளை). ஸ்பீக்கர் பட்டனை மறுபடி போட வேண்டும், ஆனால் பெரியப்பாவின் டிராக் மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் கலந்து வெளியே போகிற இடம்) போகாமல் மாஸ்டர் செண்டை எடுத்துவிடுங்கள். குரல் டைரக்டாக உடனே கேட்கும், ரிவெர்ப் மட்டும் சில மில்லி செகண்ட் பிந்தி வரும். கோயில் பிரகாரத்தில் எதிரொலி பிந்தித்தானே வரும், காது அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

உப்புக்காற்று | மே 20, இரவு 9:40

அக்கா சொன்ன ரிவெர்ப் வித்தை நல்ல வித்தை. நானும் எழுதி வைத்துக்கொண்டேன்.

தம்பி, படக் அதே இடத்தில் வருகிறது என்றால் அது ஃபைலுக்குள் ஏறிவிட்டது. போட்டுக் காட்டும்போது கம்ப்யூட்டர் திணறி வருகிற சத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பழுது பதியும்போது நடந்திருக்கிறது. பதியும்போது கம்ப்யூட்டர் திணறியிருக்கலாம், அல்லது மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸ் வரைக்கும் உள்ள வழியில் இருக்கலாம். ஆனால் 2048 வைத்துமா திணறும்? அந்த வாளிக்கு இந்த லேப்டாப் தாராளம். எனக்கு வயர் மேல்தான் சந்தேகம்.

இதை மட்டும் செய்யுங்கள். பாடாமல் ரெக்கார்டு போட்டுவிட்டு, கேபிளை மைக் பக்கத்தில் மெதுவாக அசையுங்கள், அப்புறம் இன்டர்ஃபேஸ் பக்கத்தில். அப்புறம் கெயின் திருகைத் திருப்பிப் பாருங்கள். 48 வோல்ட் ஃபேன்டம் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகிற மின்சாரம்) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள், டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம். அரைகுறையாக ஒட்டும் பின்னில் ஃபேன்டம் ஏறினால் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி படக் படக் என்று வரும்.

நீங்கள் இருக்கிற இடம் பாம்பன், அதை மறக்காதீர்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருப் பிடிப்பதை ஆராய்வதற்கு மண்டபத்தில் இடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் சும்மாவா? 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து தனிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உங்கள் இருநூறு ரூபாய் ஜாக் எந்த மூலைக்கு!

பாம்பன்காரன் | மே 22, இரவு 10:20

அண்ணே, அகப்பட்டுக்கொண்டது. மைக் பக்கம் கேபிளைத் தொட்டாலே கொரகொர. கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே மூன்று பின்னில் முதல் பின்னின் சால்டரில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கிறது. ஷீல்டு வயர் இரண்டு இழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம், சொன்னால் சிரிக்கக் கூடாது. போன வாரம் ராத்திரி பெரியம்மா ஹெட்போனைக் காதில் வைத்துவிட்டு, "உள்ள யாரோ பேசுறாங்க" என்றார். நான் நம்பவில்லை. அப்புறம் நானும் கேட்டேன். ரொம்ப லேசாக ஆண் குரலில் தமிழ், செய்தி வாசிக்கிற மாதிரி. கேபிளை அசைத்ததும் போய்விட்டது. பெரியம்மா அந்த அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

உப்புக்காற்று | மே 22, இரவு 10:55

பெரியம்மாவிடம் சொல்லுங்கள், அது பேய் இல்லை, ரேடியோ.

ஷீல்டு அறுந்த கேபிள் ஏரியல் மாதிரி வேலை செய்யும். துருப் பிடித்த இணைப்பு டயோடு மாதிரி வேலை செய்யும். ஏரியலும் டயோடும் சேர்ந்தால் பழைய காலத்துக் கிரிஸ்டல் ரேடியோ, அவ்வளவுதான். அதற்கு பேட்டரிகூட வேண்டாம். மீடியம் வேவ் கடல் மேல் நன்றாகப் போகும், ராத்திரியில் இன்னும் தூரம் எட்டும். இலங்கை நமக்குக் கூப்பிடு தூரம். முன்பு ஒரு திருவிழாவில் ஆம்ப்ளிஃபயரில் சுவிசேஷப் பிரசங்கம் வந்து, அம்மன் கோயில் விழாக் கமிட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கும் காரணம் இதே பச்சைப் பாசிதான்.

பச்சை பிடித்த வயரை இரண்டு அங்குலம் வெட்டி எறியுங்கள், செம்பு சிவப்பாகத் தெரிகிற வரை. புதிதாக சால்டர் வையுங்கள். 1-ஆம் பின் ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. மாற்றிவிடாதீர்கள். இன்டர்ஃபேஸ் ஜாக்குக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு அடித்து, பிளக்கைப் பத்துத் தடவை சொருகி எடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பசை தங்கி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் பஃபரை 128-க்கு இறக்குங்கள். கேபிளில் இருந்த நோய்க்கு பஃபரில் மருந்து போட்டதால்தான் பெரியப்பா கிணற்றில் விழுந்தார்.

டிரைவரையும் மாற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றாலும் தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ஏசியோ டிரைவர் சும்மாவே கிடைக்கும். ஏசியோ என்பதே 1997-ல் ஸ்டெய்ன்பெர்க் கொண்டுவந்த வழி, விண்டோஸின் சொந்த ஒலிப் பாதையைச் சுற்றிப் போகாமல் கார்டோடு நேராகப் பேச. பொதுவான டிரைவர் பெயரில்தான் ஏசியோ. அது விண்டோஸின் டிரைவர் மேல் ஏறி உட்கார்ந்து ஓடுகிறது, அடியில் எவ்வளவு தாமதம் ஆகிறது என்று அதற்கு முழுசாகத் தெரியாது. உங்கள் பின்பாட்டு பிந்தி விழுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்ப்போம்.

கீழக்கரை_தஃப் | மே 23, பகல் 2:10

அஸ்ஸலாமு அலைக்கும். இழையில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும் காக்கா (அண்ணே). எனக்கும் தாமதம்தான், ஆனால் வேறு மாதிரி. தஃப் (கையால் அடிக்கிற பறை) அடித்துப் பைத் (இஸ்லாமியப் பாட்டு) பாடுகிறோம். யூ.எஸ்.பி. மைக்கில் பதிகிறேன், லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் ஓட்டையில் கேட்கிறேன். ஆரம்பத்தில் அச்சாக ஒட்டுகிறது. ஏழெட்டு நிமிஷப் பாட்டு முடியும்போது தஃப் நழுவிப் போயிருக்கிறது. பஃபரை என்ன வைத்தாலும் மாறவில்லை.

ராம்நாடு_வயலின் | மே 23, மாலை 4:45

உங்களுடையது லேட்டன்சியே (நாங்கள் இதுவரை பேசின தாமதம்) இல்லை. லேட்டன்சி முதல் அடியிலும் கடைசி அடியிலும் ஒரே அளவு இருக்கும். போகப்போகக் கூடினால் அது கிளாக். யூ.எஸ்.பி. மைக்குக்குள் ஒரு கடிகாரம், லேப்டாப்பின் ஒலிக் கார்டுக்குள் இன்னொரு கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசப்பட்டால்கூட நிமிஷத்துக்கு 3 மில்லி செகண்ட் நழுவும். எட்டு நிமிஷத்தில் 24. தஃபில் அது நன்றாகவே தெரியும்.

மைக்கிலேயே ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதில் கேளுங்கள். அப்போது உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே கடிகாரம்.

கீழக்கரை_தஃப் | மே 23, மாலை 5:20

இருக்கிறது! இத்தனை நாள் அது சார்ஜ் போடுகிற ஓட்டை என்று நினைத்தேன். ஜஸாகல்லாஹ் லாத்தா.

பாம்பன்காரன் | மே 25, இரவு 9:00

சால்டர் வைத்தாயிற்று. கம்பெனி டிரைவர் ஏற்றியாயிற்று. கேபிளைப் பிடித்து ஆட்டினாலும் சத்தமில்லை. 128 சாம்பிளில் ரீப்பரின் மேல் மூலையில் போக வர மொத்தம் 9.6 மில்லி செகண்ட் என்று காட்டுகிறது. அண்ணன் கணக்குப்படி மூணேகால் மீட்டர், எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று. இது கொரகொர இல்லை. டிக், டிக் என்று இருபது முப்பது நொடிக்கு ஒரு தடவை. 2048-ல் இது இல்லை.

உப்புக்காற்று | மே 25, இரவு 9:35

இதுதான் அசல் பஃபர் நோய். வாளி சின்னதாகிவிட்டது, தூக்குகிறவன் எப்போதாவது வேறு வேலைக்குத் திரும்பிவிடுகிறான். அவன் எதற்குத் திரும்புகிறான் என்று பார்க்க லேட்டன்சிமான் என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது. பத்து நிமிஷம் ஓடவிட்டு, டிரைவர்கள் பட்டியலில் யார் அதிக நேரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஆறு தடவை வைஃபை.

தொண்டி_பெங்குவின் | மே 25, இரவு 9:50

லினக்ஸிலும் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் பதிவேன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். ஹப் வழியாகச் சொருகியிருந்தால் எடுத்து லேப்டாப்பிலேயே நேராகச் சொருகுங்கள்.

பாம்பன்காரன் | மே 26, இரவு 8:40

பட்டியலில் மேலே நின்றது என்.டி.ஐ.எஸ். என்று ஆரம்பிக்கும் ஒரு ஃபைல். தேடிப் பார்த்தால் நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. வைஃபையை அணைத்தேன், டிக் போச்சு. ஹப்பையும் எடுத்துவிட்டேன். மூன்று பாட்டு ஒரே மூச்சில் பதிந்தோம், ஒரு டிக்கூட இல்லை.

பின்பாட்டு முன்பைவிட ரொம்பப் பரவாயில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்றீர்களே அண்ணே, எப்படி?

உப்புக்காற்று | மே 26, இரவு 10:15

லூப்பேக் சோதனை. காதை நம்பாதீர்கள், காதுக்கு ஆசை உண்டு, அளந்து பாருங்கள்.

இன்டர்ஃபேஸின் பின்னால் லைன் அவுட் 1-லிருந்து ஒரு கேபிளை எடுத்து அதே இன்டர்ஃபேஸின் முன் இன்புட்டில் சொருகுங்கள். ஃபேன்டம் அணைந்திருக்க வேண்டும், இன்புட் லைனில் இருக்க வேண்டும், கெயின் குறைவாக. பதிகிற டிராக்கில் ஸ்பீக்கர் பட்டனும் டைரக்ட் மானிட்டரும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். ஒரு டிராக்கில் டிக் என்று ஒரு ஒலியை வைத்து, அதை இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து சாம்பிள் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். எத்தனை சாம்பிள் பிந்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். பழைய டிரைவரிலும் ஒரு தடவை செய்யுங்கள், வித்தியாசம் தெரியட்டும்.

கிடைத்த எண்ணை ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் இன்புட் மேனுவல் ஆஃப்செட் கட்டத்தில் போட்டு மறுபடி பதியுங்கள். பூஜ்யம் வர வேண்டும். இரட்டிப்பானால் குறியை மாற்றுங்கள்.

ஒன்று மனதில் இருக்கட்டும். பாடும்போது காதில் பிந்துவது வேறு, பதிந்தது இடம் மாறி உட்காருவது வேறு. முதலாவதை பஃபர் குறைத்துத் தீர்க்க வேண்டும். இரண்டாவதில் பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், டிரைவர் உண்மையைச் சொன்னால் ரீப்பரே பின்னால் தள்ளிச் சரியாக வைத்துவிடும். உங்கள் பழைய டிரைவர் உண்மையைச் சொல்லவில்லை.

பாம்பன்காரன் | மே 28, இரவு 7:50

பழைய டிரைவரில் 1235 சாம்பிள் பிந்தியது, 28 மில்லி செகண்ட். புதியதில் 61 சாம்பிள்தான், ஒன்றரை மில்லி செகண்ட்கூட இல்லை. அதையும் கட்டத்தில் போட்டேன். இரட்டிப்பாகவில்லை, பூஜ்யம்!

இனி மிச்சம் அந்த "ம்ம்ம்" மட்டும்.

மண்டபம்_ஒயர்மேன் | மே 28, இரவு 8:30

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. போகுதா?

பாம்பன்காரன் | மே 28, இரவு 8:42

பிடுங்கினதும் சுத்தமாகப் போகிறது அண்ணே. சார்ஜர் மூன்று பின்தான். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போகும் என்று ஒரு வீடியோவில்

மண்டபம்_ஒயர்மேன் | மே 28, இரவு 8:44

வெட்டாதீங்க.

மண்டபம்_ஒயர்மேன் | மே 28, இரவு 9:20

சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், அதான் பாதியில் விட்டேன். மைக்கின் இரும்பு வலை உதட்டில் படும். கால் உப்பு மணல் தரையில் இருக்கும், அதுவும் வேர்வையோடு. எர்த் இல்லாத சார்ஜரில் ஏதாவது கசிந்தால் உங்க பெரியப்பா வழியாகத்தான் இறங்கும். ஹம் இருந்தாலும் பரவாயில்லை, எர்த் இருக்கணும்.

நம்ம பக்கம் முக்கால்வாசி வீட்டில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டையில் வயர் இருக்காது. வயர் இருந்தால் எர்த் குழியில் பைப் இருக்காது, உப்பு தின்றிருக்கும். கடலோரத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் அடித்துவிட்டுப் பத்து வருஷம் நிம்மதியாகத் தூங்க முடியாது. மேலே காய்ந்த மணல் வேறு, அதில் எர்த் பிடிக்கவே பிடிக்காது, ஈரம் இருக்கிற ஆழத்துக்கு இறங்கணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று வோல்ட் இருக்கலாம். இருபது முப்பது காட்டினால் ஏதோ அறுந்திருக்கு. நீங்க வைக்க வேண்டாம், உங்க ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச்) இருக்கா என்றும் பார்க்கச் சொல்லுங்க.

ஃபேன் ரெகுலேட்டர் பட்டன் வச்ச எலக்ட்ரானிக் டைப்பா? அது பாதியில் இருந்தால் ஸ்ஸ்ஸ்ர் என்று ஒரு சத்தம் போடும். பதியும்போது ஃபுல்லில் வைங்க, இல்லை அணைங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியாதீங்க, சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஹம் பத்து மடங்காகும்.

ராம்நாடு_வயலின் | மே 28, இரவு 9:45

ஹம் பற்றி ஒரு உபரித் தகவல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையின் கீழ் சுருதி 49. அதாவது கரண்டும் ஐந்து கட்டையில்தான் பாடுகிறது, கொஞ்சம் ஏற்றி. நான் ஐந்து கட்டையில் மாணவிகளைப் பதியும்போது ஹம் இருப்பதே தெரியாமல் ஒரு வருஷம் ஓட்டினேன். நாலரைக்கு மாறியதும் தலைவலி வந்தது.

உப்புக்காற்று | மே 28, இரவு 10:10

எலக்ட்ரீஷியன் வருகிற வரை பதிவை நிறுத்த வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். பவர் பிளான் பேட்டரியில் தானாக மாறிவிடும், அதை மறுபடி பாருங்கள். பெரியப்பாவின் உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் பதிகிறீர்கள், சிவப்பு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. அம்பாவில் எங்கே குரல் எகிறும் என்று யாருக்குத் தெரியும்.

மைக்கையும் இன்டர்ஃபேஸையும் வேலை முடிந்ததும் மூடிபோட்ட டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். அரிசி வேண்டாம், தூசிதான் மிஞ்சும். கன்டென்சர் மைக் வாங்கும் ஆசை வந்தால் இதை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஈரக்காற்று அதன் கேப்ஸ்யூலில் ஏறினால் அடுப்பில் உப்புப் போட்ட மாதிரி பொரியும்.

பாம்பன்காரன் | ஜூன் 9, இரவு 11:30

நடுவில் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) கிளம்பிவிட்டது, பகலில் ஜன்னல் தகரம் ஆடுகிறது. ராத்திரி பத்துக்கு மேல்தான் பதிகிறோம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எர்த் பைப்பைத் தோண்டினால் கையோடு பொடியாக வந்தது. புதிதாக அடித்திருக்கிறார். இப்போது சார்ஜர் போட்டாலும் ஹம் காதுக்குத் தெரியவில்லை.

ஆறு பாட்டும் முடிந்தது. ஆனால் ஒரு சங்கடம். நேற்று பெரியப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முதல் பாட்டிலேயே நிறுத்தச் சொன்னார். "பின்பாட்டு என்னடா பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். கரைவலையில் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். வலையை வளைக்கும்போது ஒரு கூட்டம் ரொம்பத் தள்ளி நிற்கும், இழுக்க இழுக்கக் கிட்டே வரும். மறுகயிற்றிலிருந்து வருகிற பின்பாட்டு எப்போதுமே கொஞ்சம் பிந்தித்தான் காதில் விழுமாம். அதை வைத்தே மடி (மீன் சேர்கிற வலைப்பை) எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம்.

மூன்று வாரம் போராடித் தாமதத்தை எடுத்தேன். இப்போது அதைத் திரும்ப வைக்கச் சொல்கிறார். எப்படி வைப்பது?

உப்புக்காற்று | ஜூன் 10, காலை 6:15

பெரியப்பா காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

பதிந்ததைத் தொடாதீர்கள், அது சரியான இடத்திலேயே இருக்கட்டும். ரீப்பரோடு வரும் ஜே.எஸ். பிளகின்களில் டைம் அட்ஜஸ்ட்மென்ட் டிலே என்று ஒன்று இருக்கும். பின்பாட்டு டிராக்கில் போட்டு மில்லி செகண்டை மெதுவாக ஏற்றுங்கள். பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கை காட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று அண்ணன்மாரில் இரண்டு பேரை மறுகயிற்றுக்கு அனுப்பி வலப்பக்கம் தள்ளுங்கள், ஒருவரைப் பெரியப்பாவோடு இந்தக் கயிற்றில் தாமதமில்லாமல் வையுங்கள். தூரத்துக் குரலில் ட்ரெபிளைக் கொஞ்சம் மழுக்குங்கள், காற்றில் முதலில் கரைவது அதுதான்.

பாம்பன்காரன் | ஜூன் 12, இரவு 10:05

முதல் பாட்டுக்கு 65-ல் கை காட்டினார். கணக்குப் போட்டேன், இருபத்திரண்டு மீட்டர் சொச்சம். "மடி கரையேறுற நேரம்" என்றார். மற்ற ஐந்து பாட்டும் அதனதன் தூரத்துக்கு நாளை உட்கார வேண்டும். அண்ணன்மார் ஐஸ் பெட்டி கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

மண்டபம்_ஒயர்மேன் | ஜூன் 12, இரவு 10:20

புது எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுறீங்களா? வெயில் காலம், வாரம் ரெண்டு குடம் ஊற்றுங்க.